எரர் எல்லாம் எனக்கு வரட்டும்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க. எனக்கு இந்த ரோட்டைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு. தாராபுரம் வரைக்குமுங்களா? நல்லதாப் போச்சு, நானும் தாராபுரந்தான். அங்க எங்க கம்பெனிக்கு ஒரு சின்ன மில்லு இருக்குது. இப்ப என்னை அங்க மாத்திட்டாங்க. நான் கேட்கலை. உடம்புக்கு ஒத்துக்கற மாதிரி அமைதியான இடமா இருக்கட்டும்னு அவங்களாவே போட்டுட்டாங்க. அமைதின்னா அப்படியொரு அமைதிங்க. ரெண்டு கம்ப்யூட்டரு, ஒரு பிரின்டரு. அதுலயும் ஒரு கம்ப்யூட்டர்ல வாட்ச்மேன் பாட்டுக் கேட்பாரு.

என் பேரு வெள்ளியங்கிரி. கோயமுத்தூர் ஹெட் ஆபீஸ்ல சர்வர் அட்மின். அட்மினா இருந்தேன். கம்பெனி பேரு வேண்டாமுங்க, சொன்னா உங்களுக்குத் தெரிஞ்ச கம்பெனியா இருக்கும். மில்லு இருக்குது, காலேஜ் இருக்குது, ட்ரஸ்ட் ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்குது. இத்தனைக்கும் சேர்த்து ஒரே மிஷின். அதைத்தான் நான் பார்த்துக்கிட்டேன். இருபது வருஷம் பக்கம் ஆச்சு. நடுவுல மிஷின் மாறும், நான் மாற மாட்டேன்.

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். ஒரு பெரிய வீடு இருக்குது, அதைத் தடுத்து நாலு குடித்தனம் வெச்சிருக்கோம்னு வெச்சுக்குங்க. ஒரு குடித்தனம் மில்லு ஸ்டாக்கு, ஒண்ணு சம்பளம், ஒண்ணு காலேஜ், ஒண்ணு ஆஸ்பத்திரி. வெளிய இருந்து பார்த்தா பிரிட்ஜ் மாதிரி ஒரே பெட்டி. உள்ள நாலு பேரும் தனித்தனி. இவங்க சமையல் வாசம் அவங்களுக்குப் போகாது. அந்தத் தடுப்புச் சுவரு எங்க நிக்கணும், யாருக்கு எத்தனை இடம், யாருக்கு எந்தக் கதவு, இதெல்லாம் நான் வெச்சதுதான்.

இதுக்கு ரெண்டு விதமா பேக்கப் எடுக்கோணும். குடித்தனக்காரங்க சாமானை எல்லாம் டேப்புல எடுத்து வெக்கறது ஒண்ணு. அது எல்லாருக்கும் தெரியும். இன்னொண்ணு இருக்குது, அதை யாரும் நினைக்க மாட்டாங்க. சுவரு எங்கெங்க இருந்துச்சுங்கற அந்த பிளானையே தனியா எடுத்து வெக்கோணும். சாமான் பத்திரமா இருந்து வீடே இடிஞ்சு போச்சுன்னா, திரும்ப எப்படித் தடுக்கறதுன்னு தெரியோணுமில்ல? சுவத்தை நகர்த்துனா ஒவ்வொரு தடவையும் புதுசா எடுக்கோணும். அந்த பிளானு ஒரு பென்டிரைவ்ல இருந்துச்சு. பென்டிரைவ் என் சாவிக்கொத்துல இருந்துச்சு.

இன்னொரு விஷயமும் அந்த மிஷின்ல உண்டுங்க. அதுக்கு ஏதாவது வந்துச்சுன்னா அதுவே போன் போட்டு மிஷின் கம்பெனிக்காரனுக்குச் சொல்லிரும். ஒரு ஃபேன் மெதுவாச் சுத்துனாச் சொல்லும். மெமரில ஒரு சின்னப் பிசகு, அதுவே சரி பண்ணிக்கும், பண்ணிக்கிட்டு அதையும் சொல்லும். நம்ம வீட்டுக் குழந்தைக பள்ளிக்கூடத்துல போய் வீட்டுச் சண்டையை எல்லாம் சொல்லுமே, அந்த மாதிரி. உடனே பெங்களூர்ல இருந்து ஒருத்தன் கூப்பிடுவான். மாசக் கடைசில எத்தனை எரருன்னு ஒரு ரிப்போர்ட் எங்க ஜி.எம். டேபிளுக்குப் போகும்.

ஜி.எம். வரதராஜுலு சாரு. தங்கமான மனுஷன், ஆனா மிஷினைப் பத்தி ஒண்ணுந் தெரியாது. ஒரு தடவை மீட்டிங்ல எல்லாரும் உட்கார்ந்திருக்காங்க, காலேஜ் பிரின்சிபல் மேடம் வரைக்கும். அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிக் காட்டி, "என்னய்யா வெள்ளியங்கிரி, ஸ்பின்னிங்ல கூட இத்தனை பிரேக்டவுன் இல்லையே"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றதுங்க.

அன்னைக்கே வந்து உட்கார்ந்து செட்டிங்கை மாத்துனேன். எரர் வந்தா வேற யாருக்கும் போகக் கூடாது, எனக்கு மட்டும் வரட்டும்னு. மறைக்கறதுக்கு இல்லீங்க. வடிகட்டறதுக்கு. முக்கியமானது எது, சும்மா பயங்காட்டறது எதுன்னு எனக்குத்தான தெரியும்? அடுத்த மாச ரிப்போர்ட்ல ஒரு எரரும் இல்லை. வரதராஜுலு சாரு தோள்ல தட்டிக் குடுத்தாரு. அதுக்கடுத்த மாசமும் இல்லை.

ஆனா பாருங்க, அதுல இருந்து நான் எங்கயும் நகர முடியலை. எல்லாம் எனக்குத்தான வருது. கண்ணாலத்துக்குப் போய் பந்தில உட்கார்ந்தா சட்டைப்பையில போன் அடிக்கும். பத்திரிகையில எம் பேரு இருக்கும், நான் இருக்க மாட்டேன். கோகிலவாணி, எங்கூட்டுக்காரம்மா, எல்லாத்துக்கும் தனியாவே போய்ப் பழகிருச்சு. பொண்ணு வேலூர்ல பட்டம் வாங்குனப்பவும் கோகிலாதான் போச்சு. போட்டோவுல பொண்ணுக்குப் பக்கத்துல யாரோ பிரெண்டோட அப்பா நிக்கறாரு. நல்ல உயரமான மனுஷன். போட்டோ நல்லாத்தான் இருக்குது.

உதவிக்கு ஆளு குடுக்கலையான்னுதான கேட்கறீங்க? குடுத்தாங்க. ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு. பொண்ணுன்னா சின்னப் பொண்ணு இல்லை, ரெண்டு குழந்தைக்குத் தாய், தூத்துக்குடிப் பக்கம். வந்த அன்னைக்கே, "சார், பிளான் பேக்கப் எங்க இருக்கு, நான் ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டா"ன்னு கேட்டுச்சு. போட்டுப் பார்க்கறதாம். ஓடிக்கிட்டு இருக்கற மிஷினை நிறுத்திப்போட்டு, திரும்ப வருதான்னு பார்க்கறதாம். வரலைன்னா யாரு பதில் சொல்றது? டேப்பு மாத்தற வேலையைக் குடுத்தேன். அதை ஒழுங்காத்தான் பண்ணுச்சு, குறை சொல்ல மாட்டேன். ஆனா வாரா வாரம் கேட்கும். எரர் மெயில்ல என்னையும் சேர்த்து விடுங்க சார்னு. சேர்க்கறேன் சேர்க்கறேன்னேன். என் சேரைக் கேட்கற மாதிரி இருக்கும் எனக்கு.

சித்திரைல ஆஸ்பத்திரிக்குப் புது ஸ்கேன் மிஷின் வந்துச்சு. படமெல்லாம் நம்ம சர்வர்லதான் வந்து விழும். இடம் பத்தலை. சம்பளக் குடித்தனத்துல இருந்து கொஞ்சம் எடுத்து, காலேஜ்ல இருந்து கொஞ்சம் எடுத்து, சுவத்தைத் தள்ளி வெச்சு ஆஸ்பத்திரிக்குக் குடுத்தேன். ரொம்ப நேர்த்தியான வேலைங்க அது. ஒருத்தருக்கும் தெரியாம நடந்து முடிஞ்சுது. புது பிளானைப் பென்டிரைவ்ல எடுக்கோணும்னு இருந்தேன். அப்புறம் ஆடிட்டு வந்துச்சு, அது வந்துச்சு, இது வந்துச்சு. எந் தலைக்குள்ள இருக்குது, எங்க போகப் போகுதுன்னு விட்டுட்டேன்.

ஆடில ஒரு எரர் வந்துச்சு. மிஷினுக்கு ரெண்டு பவர் சப்ளை உண்டு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும், அதுக்குத்தான் ரெண்டு. அதுல ஒண்ணு செத்துப்போச்சு. மாத்தோணும்னா பெங்களூர்க்காரன் வருவான், கேட்ல கையெழுத்துப் போடுவான், ஸ்டோர்ல கேட்பாங்க, ஜி.எம்முக்குப் போகும். ஆயுத பூஜை லீவுல சத்தமில்லாம மாத்திக்கலாம்னு வெச்சிருந்தேன். இன்னொண்ணு நல்லா ஓடிக்கிட்டுத்தான இருக்குது? தினமும் அதே எரர் வரும். நான் பார்த்துட்டு அழிப்பேன். அது பாட்டுக்கு வரும், நான் பாட்டுக்கு அழிப்பேன்.

அந்தச் சமயத்துலதான் வயித்துவலி. வலப்பக்கம், கீழ. வாயுன்னு நினைச்சேன். கோகிலா கேட்டுச்சு, ஏன் ஒரு பக்கமாச் சாஞ்சு நடக்கறீங்கன்னு. சேர்ல உட்கார்ந்து உட்கார்ந்து பிடிச்சிருக்குதுன்னேன். டாக்டர்கிட்டப் போனா அட்மிட் பண்ணிருவாங்க, அட்மிட் ஆனா மிஷினை யாரு பார்ப்பாங்க? அதனால வலியோடவே போய்க்கிட்டிருந்தேன். ஒருநாள் சர்வர் ரூம்ல குனிஞ்சவன் நிமிரலை. ஜெசிந்தாதான் வாட்ச்மேனைக் கூப்பிட்டுத் தூக்கிட்டுப் போயிருக்குது. குடல்வால் வெடிச்சிருச்சுன்னு அன்னைக்கே ஆபரேஷன். எங்க ட்ரஸ்ட் ஆஸ்பத்திரிலதான்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அடுத்த நாள் வார்டுக்குக் கொண்டாந்து போட்டாங்க. பக்கத்துக் கட்டில்ல ஒரு லாரி டிரைவர், மயில்சாமின்னு. காங்கேயத்துப் பக்கம் வண்டி மோதி, கால்ல அடி. காலைல ஸ்கேன் எடுத்திருக்காங்க, ரத்தக்குழாய் எங்க அடைச்சிருக்குதுன்னு பார்த்துட்டு மத்தியானம் ஆபரேஷன். பேச்சுக்காரன். வலியிலயும் பேசுவான். அவனுக்கு மைசூர்ப்பாகு லோடு ஏத்துனா மட்டும் தூக்கம் வராதாம், வாசத்துக்கு. எனக்குச் சிரிக்க முடியலை, வயித்துல தையல்.

அப்பத்தான் கரண்ட் போய் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்கும் ஹெட் ஆபீசுக்கும் ஒரே லைனு, போய் வர்றது சகஜந்தான். ஆனா இந்தத் தடவை வந்தது கொஞ்சம் பலமா வந்து, உடனே நின்னுருச்சு. ஜெனரேட்டர் எடுத்துருச்சு, லைட்டெல்லாம் எரிஞ்சுது. நர்ஸ் மட்டும் கம்ப்யூட்டர் முன்னாடி நின்னு தட்டிக்கிட்டே இருக்குது. "சிஸ்டம் வரலை"ங்குது. மேல் மாடியிலயும் வரலையாம். எனக்குப் புரிஞ்சு போச்சுங்க. நர்ஸுக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது, அந்த ஆஸ்பத்திரில யாருக்கும் தெரியாது. படுத்துக்கிட்டிருக்கற எனக்குத் தெரியும். மிச்சமிருந்த அந்த ஒரு பவர் சப்ளையும் போச்சு. போறப்ப மிஷினுக்குள்ள பிளான் இருக்கற போர்டையும் சேர்த்துக் கருக்கிட்டுப் போயிருக்கும்.

கையில ஊசி, மூக்குல டியூபு, கீழ ஒரு டியூபு. எந்திரிக்க முடியாது. ஒரு மனுஷனுக்கு அப்படி ஒரு நிலைமை வரக்கூடாதுங்க. ஃபேன் சுத்தறதைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கேன்.

கொஞ்ச நேரத்துல ஜெசிந்தா வந்துச்சு. மிஷின் கம்பெனிக்கு இந்தப் பொண்ணே போன் போட்டு, பேசி, ஆளும் போர்டும் வந்துக்கிட்டிருக்குதாம். போர்டு காலியாத்தான் வரும், பிளான் வேணும் சார்னுச்சு. எஞ் சாமானெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில கோகிலாகிட்டக் குடுத்திருந்தாங்க, மோதிரம், வாட்சு, சாவிக்கொத்து. கோகிலா சாவிக்கொத்தை எடுத்து நீட்டுச்சு. நான் வேண்டாம்னேன். அதுல இருக்கறது பழைய பிளானுங்க. அதைப் போட்டா ஆஸ்பத்திரிக்குப் பழைய இடந்தான் கிடைக்கும், இப்ப இருக்கற சாமான் உள்ள போகாது, இடிச்சுக்கும். ஜெசிந்தா உடனே, அப்ப புதுசு எங்க சார்னுச்சு. எந் தலையிலன்னேன்.

"சொல்லுங்க சார், நான் எழுதிக்கிடுதேன்."

சொல்லலாம். சொல்லிரலாம். ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்க. மயக்க மருந்து முழுசா இறங்காதவன் சொல்லி, அதுவரைக்கும் பிளானைத் தொடாத ஒரு ஆளு போட்டு, ஏதாவது மாறிப்போச்சுன்னா? கெட்ட பேரு யாருக்கு வரும்? நானே வர்றேன், ஒரு வீல்சேர் குடுங்கன்னேன். டாக்டரு முடியாதுன்னுட்டாரு. ஆம்புலன்ஸ்ல படுக்க வெச்சுக் கூட்டிட்டுப் போங்கன்னேன். அதுக்கும் முடியாது. வரதராஜுலு சாரு போன்ல வந்தாரு. அவருகிட்டயும் அதையேதான் சொன்னேன். பிடிவாதம் பாருங்க அவங்களுக்கு. ஒரு வீல்சேரு. அதைக் குடுத்திருந்தா எல்லாம் சீக்கிரம் முடிஞ்சிருக்கும்.

மயில்சாமியோட ஸ்கேன் படம் திறக்கலை. திரும்ப எடுக்கலாம்னா, அந்த ஸ்கேன் மிஷினும் நம்ம சர்வரைக் கேட்டுத்தான் வேலை செய்யும். டாக்டருக ரெண்டு பேரு அவன் கட்டில்கிட்ட நின்னு மெதுவாப் பேசிக்கிட்டாங்க. அவன் பேச்சை நிறுத்திட்டான். அவன் சம்சாரம் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்குது, ஜில்லுனு இருக்குதுங்குது. மத்தியானம் தாண்டிருச்சு. இனி காத்திருக்க வேண்டாம், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கன்னு ஸ்ட்ரெச்சர்ல தூக்குனாங்க. அவனுக்கு நான் யாருன்னு தெரியாது. போறப்ப என்னைப் பார்த்து, "அண்ணா, உடம்பைப் பாத்துக்குங்க"ன்னுட்டுப் போனான்.

கோகிலா அதைப் பார்த்துக்கிட்டே நின்னுச்சு. அது இருபது வருஷத்துல என் வேலையைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கட்டில்கிட்ட வந்து குனிஞ்சு, யாருக்கும் கேட்காத மாதிரி சொல்லுச்சு.

"அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க. இல்லீன்னா நான் இந்தக் கட்டில்கிட்ட நிக்க மாட்டேன்."

சொன்னேன். கோகிலாவுக்காகச் சொன்னேன். கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொண்ணாச் சொன்னேன், எந்தக் குடித்தனத்துக்கு எத்தனை, எந்தக் கதவு, எது முதல்ல எந்திரிக்கணும். ஜெசிந்தா எழுதிக்கிட்டு, திரும்ப ஒரு தடவை எனக்குப் படிச்சுக் காட்டுச்சு. ஒரு இடத்துல நான் மாத்திச் சொல்லியிருந்தேன், அதையும் அதுவே கண்டுபிடிச்சுக் கேட்டுச்சு. மயக்க மருந்து, அதான் சொன்னேனே. பொழுது சாயறதுக்குள்ள சிஸ்டம் வந்துருச்சு. நர்ஸுக கை தட்டுனாங்க.

அந்த டிரைவருங்களா? முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்களாம். அது நம்மனால இல்லீங்க. அடிபட்டவுடனே வந்திருக்கோணும்னு டாக்டரே சொன்னாரு. சொன்னாருன்னா, அப்படிச் சொல்லியிருப்பாரு. வண்டி ஓட்டறவங்க பிழைப்பு அப்படித்தான், என்னத்தைச் சொல்றது.

நான் டிஸ்சார்ஜ் ஆகி வர்றதுக்குள்ள எல்லாத்தையும் மாத்திட்டாங்க. நான் அழிச்ச எரரெல்லாம் மிஷினுக்குள்ள பதிவா இருக்கும், அதையெல்லாம் தோண்டிப் பார்த்திருக்காங்க. யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டலை, அதைச் சொல்லோணும். வரதராஜுலு சாரு பழக்கூடை குடுத்தனுப்புனாரு. கூடவே தாராபுரம் ஆர்டரும் வந்துச்சு. இப்ப எரர் வந்தா நாலு பேருக்குப் போகுதாம். ஜெசிந்தாவுக்கு, பெங்களூர்க்காரனுக்கு, ஜி.எம்முக்கு, ஆஸ்பத்திரி ஹெட் சிஸ்டருக்கு. சிஸ்டருக்கு எதுக்குங்க எரரு? அந்தம்மாவுக்கு என்ன புரியும்? கோகிலாகிட்டச் சொன்னேன். அது பாட்டுக்குத் துணி மடிச்சுக்கிட்டிருந்துச்சு.

போன வாரம் ஜெசிந்தா கூப்பிட்டுச்சு. ஞாயித்துக்கிழமை மிஷினை முழுசா நிறுத்தி, பிளானைப் புதுசாப் போட்டு எழுப்பிப் பார்க்கப் போறோம், நீங்க வரணும் சார்னுச்சு. போகக் கூடாதுன்னுதான் இருந்தேன். காலைல குளிச்சுட்டுக் கிளம்பிட்டேன்.

ரூம்ல நாலஞ்சு பேரு. ஆஸ்பத்திரில இருந்து அந்த ஹெட் சிஸ்டரும் வந்து ஸ்டூல்ல உட்கார்ந்திருக்காங்க. அன்னைக்கு மட்டும் ஸ்கேனுக்கு வேற ஏற்பாடு பண்ணிட்டேன், தைரியமா நிறுத்துங்கன்னாங்க. எல்லாம் ரெடியான பிறகு ஜெசிந்தா எந்திரிச்சு சேரை எனக்குக் குடுத்துச்சு.

"நீங்களே நிறுத்துங்க சார். நீங்க வளர்த்த மிஷினுல்லா."

உட்கார்ந்தேன். ஒரு கீ தட்டுனாப் போதும். கை வெச்சேன். இத்தனை வருஷத்துல நானா அதை நிறுத்துனதே இல்லீங்க. உள்ள யாராவது வேலை செஞ்சுக்கிட்டு இருக்கறாங்களான்னு பார்த்துக்கிட்டிருந்தேன், வேறொண்ணுமில்லை. யாரும் இல்லைன்னு திரையில இருந்துச்சு. திரும்ப ஒரு தடவை பார்த்தேன். ஜெசிந்தா ரொம்ப நேரம் காத்திருந்துட்டு, "பரவால்ல சார்"னு சொல்லிட்டு, எந் தோளுக்கு மேல கையை நீட்டி அதுவே தட்டிருச்சு.

ஒவ்வொரு குடித்தனமா அணைஞ்சுது. கடைசில ஃபேனும் நின்னுச்சு. அந்த ரூம்ல சத்தமில்லாம நான் இருந்ததே இல்லை. வெளிய மில்லு கேட்ல யாரோ சைக்கிள் ஸ்டாண்டு போடறது வரைக்கும் கேட்டுச்சு. எனக்கு வேர்த்து ஊத்துது. மத்தவங்க சும்மா நிக்கறாங்க, ஒருத்தர் கொட்டாவி விடறாரு.

அப்புறம் எழுப்புனாங்க. சம்பளம் வந்துச்சு, காலேஜ் வந்துச்சு, மில்லு வந்துச்சு. ஆஸ்பத்திரி கடைசியா வந்துச்சு. சுவரெல்லாம் நான் வெச்ச இடத்துலயே நின்னுச்சு. ஹெட் சிஸ்டரு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, படம் திறக்குதான்னு கேட்டாங்க. திறக்குதுன்னாங்களாம். கேட்டுட்டு அவங்க அழுதாங்க. அழறதுக்கு அதுல என்ன இருக்குதுங்க? படந்தான திறந்துச்சு?

எல்லாரும் டீ குடிக்கப் போனாங்க. நான் அந்தச் சேர்லயே உட்கார்ந்திருந்தேன், ஏதாவது எரர் வந்தாலும் வரும்னு. ஜெசிந்தா திரும்பி வந்துச்சு. எனக்கும் ஒரு டம்ளர் டீ கொண்டாந்துச்சு. குடிச்சு முடிச்சதும் டம்ளரை வாங்கிக்கிட்டுச் சொல்லுச்சு.

"எல்லாம் ஓடுது சார். நீங்க போலாம்."

அதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்லீங்க, நல்லபடியாத்தான் சொல்லுச்சு. இத்தனை வருஷத்துல என்கிட்ட யாரும் சொல்லாத வார்த்தை அது. யாராச்சும் ஒருத்தர் சொல்லிர மாட்டாங்களான்னு எத்தனையோ தடவை நினைச்சிருக்கேன், பந்தில பாதியில எந்திரிக்கறப்ப, பொண்ணு போன்ல அழறப்ப. சொல்லிட்டாங்க. செருப்பைப் போட்டுக்கிட்டு கேட்டுக்கு வெளிய வந்து நின்னேன். வெயில் நல்லா ஏறியிருச்சு. வீட்டுப் பக்கம் போற பஸ்ஸும் வந்துச்சு, டவுனுக்குப் போற பஸ்ஸும் வந்துச்சு. ரெண்டும் நின்னு நின்னு போச்சுங்க. எனக்கு எதுல ஏறறதுன்னு தெரியலை.